பாக எண்ணிலிருந்து டெபாசிட் வரை: தருமபுரி, கிருஷ்ணகிரியில் முதல்முறை ஓட்டுப் போடுவோருக்கு

பதினெட்டு முடிந்து முதல் ஓட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளும், ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து இங்கேயே வீடு பார்த்துத் தங்கிவிட்டவர்களும் தேர்தல் நேரத்தில் முதலில் கேட்பது, "யாருக்குப் போடலாம்?" என்றுதான். அது அவரவர் பாடு. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "என் ஓட்டு எங்கே இருக்கிறது?" என்பது. நான் பார்த்தவரை, சாவடி வாசல்வரை வந்து ஓட்டுப் போடாமல் திரும்புகிறவர் யாரும் கட்சி தெரியாமல் திரும்புவதில்லை. பட்டியலில் பேர் இல்லாமல்தான் திரும்புகிறார். ஆகவே கட்சியை அப்புறம் பார்த்துக்கொள்வோம். தேர்தல் நம் வீட்டுக்கு வந்து சேருகிற வரிசையிலேயே அதன் சொற்களையும் பார்த்துவிடலாம்.

உங்கள் தொகுதி எது

தருமபுரி மாவட்டத்தில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள்: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். 2004-இல் அதிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆறு: ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி. இந்த ஆறும் சேர்ந்ததுதான் கிருஷ்ணகிரி நாடாளுமன்றத் தொகுதி. தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியில் மட்டும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மாவட்டத்தின் ஐந்தோடு சேலம் மாவட்டத்து மேட்டூரும் அதில் சேர்ந்திருக்கிறது. எம்.பி. எலெக்ஷன் செய்தியில் "தருமபுரி" என்று வந்தால் மேட்டூர்க்காரர்களும் அதில் அடக்கம்.

அரூரும் ஊத்தங்கரையும் தனித்தொகுதிகள். பட்டியல் சாதியினர் மட்டுமே அங்கே வேட்பாளராக நிற்க முடியும். ஓட்டுப் போடுவதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, எல்லோரும் போடலாம். இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கும் ஆட்கள் படித்தவர்களிலேயே இருக்கிறார்கள்.

பட்டியலில் பேர் ஏற்றுவது

தொகுதியைச் சின்னச் சின்னப் பாகங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். அதுதான் பாக எண். அந்தப் பாகத்துக்குள் உங்கள் பேருக்கு நேரே இருப்பது வரிசை எண். அட்டையில் உள்ள நீளமான எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண்ணை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓட்டு நாளில் உங்களிடம் எல்லோரும் கேட்கப்போவது இந்த இரண்டு எண்ணைத்தான்.

பட்டியலின் முதல் பக்கத்தைக் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். சாவடி எந்தப் பள்ளிக்கூடம் என்பதோடு, "கிழக்குப் பகுதி, வடக்கு பார்த்த தார்சு கட்டடம்" என்பதுபோல் அடையாளமும் போட்டிருக்கும். ஒரே பள்ளி வளாகத்தில் மூன்று நான்கு சாவடிகள் இருக்கும்போது இந்த ஒரு வரிதான் தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நிற்காமல் காப்பாற்றும்.

பேர் புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. இறந்தவர், ஊரைவிட்டுப் போனவர் பேரை நீக்கப் படிவம் 7. எழுத்துப்பிழை திருத்தம், வீடு மாற்றம், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை எல்லாவற்றுக்கும் படிவம் 8. முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 முடிந்திருந்தால்தான் அந்த ஆண்டுப் பட்டியலில் சேர முடியும். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் இருக்கின்றன. அதனால் மே மாதம் பிறந்த பிள்ளை அடுத்த ஜனவரிவரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் வீடு தேடி வந்து பார்ப்பவர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிடுவதில்லை, பி.எல்.ஓ. என்றால்தான் தெரியும். பெரும்பாலும் அங்கன்வாடி அக்காவோ பள்ளி ஆசிரியரோ இந்தப் பொறுப்பில் இருப்பார். அவர் பேரும் போன் நம்பரும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் 1950-க்குப் போன் செய்யலாம், தாலுகா ஆபீஸில் தேர்தல் பிரிவைக் கேட்கலாம், அல்லது தேர்தல் ஆணையத்தின் செயலியில் தேடலாம்.

வெளியூரிலிருந்து ஓசூருக்கு வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. பழைய ஊரில் பேர் இருக்கும்போது இங்கே படிவம் 6 கொடுத்துப் புது ஓட்டு வாங்கக் கூடாது. படிவம் 8 கொடுத்து இடம் மாற்ற வேண்டும். ஒருவருக்கு ஒரே இடத்தில்தான் பேர் இருக்கலாம். "ஊரிலும் ஒன்று இருக்கட்டும், இங்கேயும் ஒன்று இருக்கட்டும்" என்று வைத்துக்கொண்டு படிவத்தில் பொய்யான உறுதிமொழி கொடுத்தால் அது தண்டனைக்குரிய குற்றம். கர்நாடகத்து ஆனேக்கல்லில் ஒன்று, ஓசூரில் ஒன்று என்று வைத்துக்கொண்டு அதைச் சாமர்த்தியமாகச் சொல்லித் திரிகிறவர்களைப் பார்த்து யாரும் ஏமாற வேண்டாம்.

ஆண்டுதோறும் நடப்பது சுருக்கமுறைத் திருத்தம். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது சிறப்புத் தீவிரத் திருத்தம்; அதில் எல்லா வாக்காளருக்கும் புதிதாகக் கணக்கெடுப்புப் படிவம் கொடுத்து வாங்கினார்கள். எந்தத் திருத்தமானாலும் முதலில் வரைவுப் பட்டியல் வரும், அப்புறம் ஆட்சேபம் கேட்பார்கள், கடைசியில் இறுதிப் பட்டியல். பார்க்க வேண்டியது வரைவுப் பட்டியலை. இறுதிப் பட்டியல் வந்தபின் திருத்தக் கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டியிருக்கும்.

கட்சிக்காரர்கள் பேசும் பேச்சு

இப்போது கட்சிக்கு வருவோம். அடிமட்டத்தில் கிளைச் செயலாளர், அவருக்கு மேல் ஒன்றியச் செயலாளர், அவருக்கு மேல் மாவட்டச் செயலாளர். பத்திரிகையில் ஒ.செ., மா.செ. என்று சுருக்கிப் போடுவார்கள். இங்கே ஒன்றியம் என்பது ஊராட்சி ஒன்றியம். காரிமங்கலம், நல்லம்பள்ளி, மத்தூர், கெலமங்கலம் மாதிரி. "ஒன்றிய அரசு" என்று மேடையில் சொல்வது டெல்லியை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுவரில் "தருமபுரி கிழக்கு மாவட்டம்", "கிருஷ்ணகிரி மேற்கு மாவட்டம்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அப்படி ஒரு கலெக்டர் ஆபீஸ் எங்கே என்று தேடக் கூடாது. அது கட்சி தன் நிர்வாகத்துக்காகப் பிரித்துக்கொண்டது. இரண்டு மூன்று தொகுதிகளுக்கு ஒரு மா.செ. இருப்பார். யாருக்கு சீட் என்பதில் அவர் சொல்லுக்கு எடை அதிகம்.

சீட் என்பது கட்சிக்குள் வேட்பாளராகும் வாய்ப்பு. அதே சொல் கூட்டணிப் பேச்சில் வரும்போது தொகுதி என்று அர்த்தம். தொகுதிப் பங்கீட்டில் தன் தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டால் உள்ளூர் நிர்வாகி முகம் வாடிவிடும். அவர் கோபித்துக்கொண்டு சுயேச்சையாக மனுப் போட்டால் போட்டி வேட்பாளர். கட்சியிலேயே இருந்துகொண்டு வேலை செய்யாமல் கவிழ்த்தால் உள்ளடி. தேர்தல் முடிந்த மறுநாள் தோற்ற வேட்பாளர் டீக்கடையில் அதிகம் உச்சரிக்கும் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

சின்னங்களை ஊர் அறியும். உதயசூரியன், இரட்டை இலை, கை, தாமரை என்று சொன்னாலே போதும், கட்சிப் பேரைச் சொல்ல வேண்டியதில்லை. தளிப் பக்கம் கதிர் அரிவாள் இன்னமும் பேச்சில் இருக்கும். அங்கே 2011-இலும் 2021-இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்தது. பா.ம.க. நெடுங்காலம் நின்ற சின்னம் மாம்பழம். மாங்கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரியில், "இந்த வருசம் மாம்பழம் எப்படி?" என்று ஒருவர் கேட்டால் விளைச்சலைக் கேட்கிறாரா, ஓட்டைக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அங்கீகாரம் பெற்ற கட்சிக்குச் சின்னம் நிரந்தரம். மற்றவர்கள் ஆணையம் வைத்திருக்கும் பட்டியலிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

மனு, வாபஸ், டெபாசிட்

தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நன்னடத்தை விதிகள் அமலுக்கு வரும். சிலைகளுக்குத் துணி போட்டு மூடுவதும், அரசு விளம்பரங்களை எடுப்பதும் அப்போதுதான். அப்புறம் வேட்புமனுத் தாக்கல், பரிசீலனை, வாபஸ். மூன்றும் முடிந்தபின் வருவது இறுதி வேட்பாளர் பட்டியல். முக்கிய வேட்பாளரின் மனு தள்ளுபடியானால் அந்த இடத்தில் நிற்கவென்று போட்டு வைப்பது மாற்று வேட்பாளர் மனு. பெரும்பாலும் மனைவியோ மகனோ போடுவார்கள்; எல்லாம் சரியாகப் போனால் வாபஸ் வாங்கிவிடுவார்கள். பேப்பரில் அந்தப் பேரைப் பார்த்துவிட்டு, "குடும்பத்தில் சண்டையா?" என்று கேட்க வேண்டாம்.

சட்டமன்றத்துக்கு நிற்பவர் கட்டும் டெபாசிட் 10,000 ரூபாய், நாடாளுமன்றத்துக்கு 25,000. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு இதில் பாதி. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் தோற்றவருக்குப் பணம் திரும்பும். செல்லுபடியான ஓட்டு 1,80,000 என்றால் 30,000-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் "டெபாசிட் காலி". பணம் போவதைவிட மானம் போவதுதான் பெரிது. 2010 மார்ச்சில் நடந்த பென்னாகரம் இடைத்தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது, பா.ம.க. இரண்டாவது வந்தது, அ.தி.மு.க. மூன்றாவதாக வந்து டெபாசிட்டையும் இழந்தது. அதை இந்தப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் இன்றைக்கும் மறக்கவில்லை.

பறக்கும் படை

பிரசாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். ஓசூர், வேப்பனஹள்ளி, தளிப் பக்கம் அது தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் கேட்கும். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்னால் ஒலிபெருக்கி ஓய்ந்துவிடும்.

வியாபாரிகளும் விவசாயிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய சொல் பறக்கும் படை, அதாவது வழியில் வண்டிகளை நிறுத்திப் பணத்தைச் சோதிக்கும் தேர்தல் அதிகாரிகள் குழு. விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் கணக்குக் காட்ட வேண்டும். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போய்ப் பணத்தோடு திரும்புகிறவர், குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாடு விற்றவர், பெங்களூருவிலிருந்து ஜூஜூவாடி வழியாகச் சரக்குப் பணத்தோடு வருகிறவர் எல்லோரும் மாட்டுவார்கள். மண்டிச் சீட்டு, விற்பனை ரசீது, வங்கியில் எடுத்த சீட்டு, எதுவோ ஒன்று கையில் இருக்கட்டும். பிடித்துவிட்டால் சண்டை போடாமல் ரசீதை வாங்கிக்கொண்டு, ஆதாரத்தோடு மாவட்டத்தில் இதற்கென்று இருக்கும் குழுவிடம் முறையிட்டால் பணம் திரும்பும். மாடு விற்ற விவசாயியை நிறுத்திக் கேள்வி கேட்கும் அளவுக்கு, பட்டுவாடா செய்கிறவனை நிறுத்துகிறார்களா என்று ஊரில் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது.

பட்டுவாடா என்றால் ஓட்டுக்குப் பணம். கையில் ரொக்கம் கொடுக்காமல் பின்னால் மாற்றிக்கொள்ளக் கொடுக்கும் சீட்டுக்கு டோக்கன் என்று பேர். கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம்.

ஓட்டு நாளில் உள்ளே நடப்பது

சாவடிக்கு இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கையில் பட்டியலும் ஸ்கேலும் பென்சிலுமாகக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். "அண்ணா, வீட்டு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டுப் பேரைத் தேடி, ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டு, பாக எண்ணும் வரிசை எண்ணும் எழுதித் தருவார்கள். அந்தத் துண்டுச்சீட்டில் கட்சிப் பேரோ சின்னமோ இருந்தால் உள்ளே கொண்டுபோக முடியாது. அதிகாரிகளே வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் தகவலுக்கு மட்டும்தான். 2019-இலிருந்து அதை அடையாளச் சான்றாக ஏற்பதில்லை. வாக்காளர் அட்டை இல்லாதவர்கள் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, பாஸ்போர்ட், நூறு நாள் வேலை அட்டை, போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக் இவற்றில் ஒன்றைக் கொண்டுபோகலாம். ஆனால் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் எந்த அட்டையும் உதவாது. செல்போனை உள்ளே விடமாட்டார்கள். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

உள்ளே நுழைந்ததும் முதல் அலுவலர் உங்கள் பேரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். வேட்பாளர்கள் சார்பில் எதிரே உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் டிக் அடிப்பார்கள். "இவர் அந்த ஆள் இல்லை" என்று ஏஜென்ட் சொல்ல நினைத்தால் சொல்ல வேண்டிய இடம் இதுதான். இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் செய்யலாம். தலைமை அலுவலர் விசாரித்து முடிவு சொல்வார். இரண்டாவது அலுவலர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, ஒரு சீட்டுத் தருவார். அந்த மை பக்கத்திலிருக்கும் மைசூரில் தயாராவது. மூன்றாவது அலுவலர் சீட்டை வாங்கிக்கொண்டு தன் முன்னாலிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தானை அழுத்துவார். அப்போதுதான் மறைப்புக்குள் இருக்கும் கருவி உங்களுக்குத் தயாராகும்.

மறைப்புக்குள் அவசரப்படாதீர்கள். பேரும் போட்டோவும் சின்னமும் பார்த்து, நேரே இருக்கும் நீலப் பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் போட்ட சின்னம் அச்சான சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டு உள்ளே விழும். அந்தப் பெட்டிக்குப் பேர் விவிபேட். நீளமான பீப் சத்தம் வந்தால் முடிந்தது. யாரையும் பிடிக்காதவர்களுக்குக் கடைசிப் பொத்தான் நோட்டா, 2013-இலிருந்து இருக்கிறது. ஆனால் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்த இடத்தில் இருக்கும் வேட்பாளர்தான் ஜெயித்தவர் ஆவார்.

உங்கள் ஓட்டை வேறு யாராவது ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தால் அது கள்ள ஓட்டு. அப்போது கத்திவிட்டு வெளியே வராதீர்கள். நீங்கள்தான் அந்த ஆள் என்று காட்டி, "டெண்டர் ஓட்டு வேண்டும்" என்று தலைமை அலுவலரிடம் கேளுங்கள். தனிக் காகிதச் சீட்டு தருவார்கள். அது தனி உறையில் போகும், வழக்கமான எண்ணிக்கையில் சேராது. ஆனால் பின்னால் வழக்கு வந்தால் உதவும். நேரம் முடியும்போது வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் டோக்கன் கொடுத்து ஓட்டுப் போட விடுவார்கள். இந்த டோக்கன் நல்ல டோக்கன்.

ஒரு சாவடியில் முறைகேடு நடந்தது என்று ஆணையம் கருதினால் மறுவாக்குப்பதிவு. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் பாப்பிரெட்டிப்பட்டித் தொகுதியின் எட்டுச் சாவடிகளில் அப்படி மறுபடி நடந்தது. எங்கள் பக்கத்துச் சாவடி என்றாலே தார்ச்சாலையோரப் பள்ளி என்று நினைக்க வேண்டாம். கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலில் ஓட்டு இயந்திரம் கழுதை முதுகில் ஏறித்தான் போனது. ரோடு போடாததால் ஓட்டே போட மாட்டோம் என்று ஊர் எல்லையில் பேனர் கட்டினால் அது தேர்தல் புறக்கணிப்பு. தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை நடத்துவது அதன் அடுத்த காட்சி.

எண்ணிக்கை நாள்

காலை எட்டு மணிக்கு முதலில் தபால் ஓட்டு. தேர்தல் வேலைக்குப் போன ஊழியர்கள், ராணுவத்தில் இருப்பவர்கள் போடுவது. அரை மணி கழித்து இயந்திரம். மேசைக்கு ஓர் இயந்திரம் வைத்து எண்ணி முடித்தால் ஒரு சுற்று. தருமபுரிக்காரர்கள் செட்டிக்கரைப் பொறியியல் கல்லூரி வாசலில் நின்று இந்தச் சுற்றுகளைக் கணக்குப் போடுவார்கள்.

முன்னிலை என்பது வெற்றி அல்ல. தொலைக்காட்சியில் மூன்றாவது சுற்றில் முன்னிலை என்றதும் பட்டாசு வெடிக்கிறவர்கள், இன்னும் எண்ண வேண்டியது எந்த ஒன்றியத்து ஓட்டு என்று கேட்பதில்லை. 2021-இல் கிருஷ்ணகிரித் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் தி.மு.க. வேட்பாளரைவிட வெறும் 794 ஓட்டு அதிகம் வாங்கி ஜெயித்தார். ஒரு சாவடியில் இருக்கும் ஓட்டைவிடக் குறைவு அது! இப்படி இழுபறியானால் தபால் ஓட்டில் எத்தனை செல்லாது என்பதுவரை சண்டை வரும், மறுஎண்ணிக்கை கேட்பார்கள். "என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது" என்று படுத்துத் தூங்குகிறவரிடம் நான் சொல்வது இந்த 794-ஐத்தான்.

நடுவில் வரும் தேர்தல்

உறுப்பினர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, பதவி இழந்தாலோ இடைத்தேர்தல். 2019-இல் இந்த இரண்டு மாவட்டத்திலும் மூன்று வந்தன. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி எம்.எல்.ஏ.க்களைக் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். ஓசூர் எம்.எல்.ஏ. வழக்கில் தண்டனை பெற்றதால் பதவி போனது. ஒருவர் இரண்டு தொகுதியில் ஜெயித்து ஒன்றை விட்டாலும் இடைத்தேர்தல்தான். 1991-இல் ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் ஜெயித்துப் பர்கூரை வைத்துக்கொண்டார். அதே பர்கூரில் 1996-இல் தோற்றார் என்பது தனிக் கதை.

ஊராட்சித் தேர்தலில் நாலு சீட்டு

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், டெல்லி ஆணையம் இல்லை. ஓசூர் மாநகராட்சியில் 45 வார்டு. உங்களுக்கு ஒரே ஓட்டு, கவுன்சிலருக்கு. மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு மறைமுகத் தேர்தல் என்று பேர்.

கிராமத்தில் இருந்தால் நிலைமை வேறு. கையில் நான்கு காகிதச் சீட்டுத் தருவார்கள், முத்திரை குத்த வேண்டும். 2019 டிசம்பரில் நடந்தபோது ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சி கிடையாது. அதில் பூட்டு சாவி, கட்டில், சீப்பு மாதிரிச் சின்னங்கள்தான் இருக்கும், உதயசூரியனையும் இரட்டை இலையையும் தேட வேண்டாம். கட்சிச் சின்னம் பச்சையிலும் மஞ்சளிலும் மட்டும். ஒரு சீட்டில் ஒரே ஒரு முத்திரை, இரண்டு சின்னத்துக்கு நடுவில் விழாமல். மை காய்வதற்கு முன் தப்பாக மடித்தால் எதிர்ப்பக்கத்துச் சின்னத்தில் மை ஒட்டிவிடும். நெடுக்கில் ஒருமுறை மடித்து, அப்புறம் குறுக்கில் மடித்து நான்கையும் பெட்டியில் போடுங்கள்.